மிச்சமான கரி

ஸ்கூடாய் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சூளைக்குள் நாங்கள் நுழைந்தபோது எங்களை முதலில் வரவேற்றது நாற்றம்தான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த அழுகிய ரப்பர் கட்டியின் நாற்றம் ஒன்று, குழியில் ஊறிக் கிடந்த களிமண்ணின் நாற்றம் இன்னொன்று. இரண்டையும் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவதாக முதலாளி ஜெயபாலன் தலையிலும் சட்டையிலும் வழியவிட்டிருந்த ரோஜா அத்தர் வந்து சேர்ந்ததும், காலையில் தின்ற ரொட்டி நெஞ்சுவரை ஏறிவிட்டது.

"பாய், இந்த ஆளைப் பிடிச்சு உள்ள போட்டுரலாமா?" என்று காதோடு கேட்டேன்.

"எந்தக் குற்றத்துக்கு?"

"அத்தர்."

அபூபக்கர் பாய் சிரிக்கவில்லை. வேலைக்கு வந்த இடத்தில் அவர் சிரிப்பது கிடையாது. ஜொகூர் பாருவில் ஒரு துணிக்கடைக்கு மேல் 'துப்பறியும் அபூபக்கர்' என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவர் அவர். அவருடைய உதவியாளன் மனோகரன் நான். உதவியாளன் என்றால் மோட்டார் ஓட்டுவது, டீ வாங்கி வருவது, பாய்க்குப் பிடிக்காத ஆட்களிடம் பாய்க்குப் பதிலாக வம்பு பேசுவது. மூன்றாவது வேலையில் எனக்கு நல்ல பெயர்.

எங்களை இங்கே அனுப்பியவள் இந்தச் சூளையில் களிமண் பிசையும் வெள்ளையம்மா. முந்தின நாள் மாடிப்படி ஏறி வந்து, நாற்காலியில் உட்கார மறுத்து, நின்றபடியே சொல்லி முடித்தாள். அவள் தங்கை கருப்பாயி இதே சூளையில் வேலை செய்தவள். போன வாரம் ஒரு மத்தியானம் காணாமல் போனாள். லோரிக்காரன் ஒருவனோடு ஓடிவிட்டதாகச் சூளை முழுக்கப் பேச்சு. அதை யாரும் மறுக்கவில்லை, கருப்பாயியின் புருஷன் உட்பட.

"என் தங்கச்சி ஓடுறவ இல்லீங்க பாய். ஓடுறதா இருந்தா எங்கிட்ட ஒரு சண்டை போட்டுட்டுத்தான் ஓடுவா" என்றாள் வெள்ளையம்மா. பிறகு, "உயிரோட இருந்தா கொண்டாந்து விடுங்க. செத்துட்டாள்னா அதையும் சொல்லிடுங்க, தாங்கிக்கிறேன். ஓடிப்போனவள்னு அவ பேரு நிக்கக் கூடாது" என்றாள்.

அதனால்தான் இன்றைக்கு நாங்கள் கூலாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மங்கு வாங்க வந்த ஏஜெண்டுகள். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் மண் கிண்ணத்துக்குத் தோட்டத்தில் மங்கு என்று பெயர். நான் பிறந்ததே தோட்டத்து லயத்தில்தான். பால் குடித்த கிண்ணத்தைவிடப் பால் பிடித்த மங்கைத்தான் அதிகம் தொட்டிருக்கிறேன்.

ஜெயபாலனுக்கு ஏஜெண்டுகள் என்றால் தேன். எங்களைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போய்ச் சூளையைக் காட்டினான். அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே, செங்கல்லால் குவித்துக் கட்டிய பெரிய சூளை. அதன் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் இரும்பு உருளை. அந்த உருளைக்குள் கரியைக் கொட்டி, காற்றை அடக்கிப் புழுங்கவிட்டால் வாயு கிளம்புமாம். குழாய் வழியாக அது சூளைக்குப் போய் அங்கே எரியுமாம். குழாயில் ஒரு திருகு இருக்கிறது, வேண்டிய அளவு விடலாம், வேண்டாதபோது அடைக்கலாம். மற்றவர்கள் ஒரு தடவை சூளை எரிக்க ஒரு காட்டையே வெட்டிப் போடுவதாகவும், தான் மட்டும் மூளையை எரிப்பதாகவும் சொன்னான். அவன் மூளை எரிந்து போயிருப்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

"ஆரம்பத்துல இதுவும் கரியைத் தின்னுச்சு சார். ரெண்டு மாசமா பாதிக் கரிதான். ஏன்னு கேளுங்க."

பாய் பணிவாக, ஏன் என்று கேட்டார்.

"சுவர் சார். ரெட்டைச் சுவர். நடுவுல உமிச் சாம்பல். உள்ள போன சூடு வெளிய வரவே வராது. சுவத்துல கன்னத்தை வெச்சுத் தூங்கலாம் லா."

மத்தியானத்துக்கு மேல் துரைமார்கள் மோட்டாரில் வரப்போகிறார்கள், இந்தக் கரிச் சிக்கனத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பல தோட்டங்களுக்கு மொத்தமாக மங்கு எடுக்கப்போகிறார்கள் என்று அடுத்த மூச்சிலேயே சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் வாயில் எச்சில் ஊறியதைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

பாய் அண்ணாந்து சூளையின் தோளைப் பார்த்தார். அங்கே இரண்டு சாரோங், ஒரு ரவிக்கை, வரிசையாக முறித்துப் போட்ட கருவாடு. காலையிலிருந்து விடாமல் தூறிக்கொண்டிருந்த நாள் அது. வெயில் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பாய் எக்கி ஒரு கருவாட்டை எடுத்து இரண்டாக ஒடித்தார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. என்னைப் பார்த்தார். நான் ஜெயபாலனைப் பார்த்தேன். அவன் இன்னமும் சுவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான்.

அவனை யாரோ கூப்பிட்டு விலகிப் போனதும், "சூடு வெளிய வராத சுவர்ல கருவாடு எப்படிக் காயுது பாய்?" என்றேன்.

"காயாது. ரெட்டைச் சுவர் இருக்கலாம். அதுல சூடு பெரிசா ஒண்ணும் நிக்கல. ஆனா கரி மிச்சமாகுறது பொய் இல்ல மனோகர், கரிக் கொட்டகையைப் பாத்தேன், குவிஞ்சு கெடக்கு. அப்போ சூட்டை வேற எப்படியோ மிச்சம் பிடிக்கிறான்."

கரி எப்படிப் போனால் நமக்கென்ன, நாம் தேடி வந்தது ஒரு பெண்ணை என்றேன். ரெண்டு மாசமா ஒருத்தன் பொய் சொல்ற இடத்துலதான் காணாமப்போன பொண்ணையும் தேடணும் என்றார்.

அந்த நேரத்தில்தான் சூளைக்குத் தீ பார்க்கும் ஐயாசாமி வந்தான். கருப்பாயியின் புருஷன் இவன்தான். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிலையை மடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதை வாயில் போட்டுக்கொண்ட கையோடு, தன் பெண்டாட்டி ஒரு லோரிக்காரனோடு ஓடிவிட்டாள் என்று சொன்னான். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. அவன் போனதும் பாவம் என்றேன்.

பாய் தலையாட்டினார். பிறகு, "உன் பொண்டாட்டி ஓடிட்டா, மங்கு வாங்க வந்த ஆளுங்ககிட்டச் சொல்லுவியா?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"ஆனா?"

யோசித்துப் பார்த்தேன். பெற்ற தாயிடம்கூடச் சொல்லமாட்டேன். ஊருக்குப் போயிருக்கிறாள், உடம்பு சரியில்லை, ஏதாவது புளுகிக் காலத்தை ஓட்டுவேன். எந்த லயத்து ஆணும் அதைத்தான் செய்வான். இந்த மனிதன் மட்டும் தன் மானத்தை வெற்றிலைக்கு மாற்றாகத் தட்டில் வைத்து நீட்டுகிறான். 

முற்றத்தில் விற்பனைக்குத் தயாராக மங்குகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டினேன். தோட்டத்தில் பிறந்தவன் எவனும் தட்டாமல் மங்கைத் தொடமாட்டான். நல்ல மங்கு கணீரென்று பாடும். இது செத்த தவளை மாதிரி டொக் என்றது. அடுத்ததும் டொக். அதற்கடுத்ததும் டொக். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், அடியில் மயிரிழை போல வியர்த்தது. இதைக் கட்டினால் பால் பாதி மண்ணுக்குப் போகும். பால் குறைந்ததற்குக் கங்காணியிடம் அடி வாங்குவது பால் எடுக்க மரத்தைக் கீறுகிறவள்.

"சரியா வேகலையா?" என்று கேட்டேன்.

"நல்லா வெந்திருக்கு. ஆறல. சூட்டோட வெளிய இழுத்து ஈரக் காத்துல போட்டிருக்காங்க, வெடிச்சிருச்சு." பாய் சூளையின் பின்பக்கம் நடக்க ஆரம்பித்தார். "வா, யாரு இழுத்தாங்கன்னு பாக்கலாம்."

சூளையின் வாய் பின்பக்கம் இருந்தது. செங்கல் அடுக்கி மண் பூசி மூடியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பீப்பாய், அதில் ஊறப்போட்ட சாக்குகள். ஒரு சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் கருகியிருந்தது. தெரோம்பா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரச்செருப்புகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் சின்னச் சின்ன அளவு. பாய் ஒன்றைத் திருப்பி என் மூக்குக்கு நேரே காட்டினார். அடிப்பக்கம் முழுக்கக் கரி.

"இது நடந்து தேஞ்ச செருப்பு இல்ல மனோகர். கருகித் தேஞ்சது."

"உள்ள போறாங்களா? இந்தச் சூட்டுக்குள்ளயா?"

அவர் சொன்னது இதுதான். ஒரு சூளை எரிந்து முடிந்தால் தானாக ஆறுவதற்கு நாள்கணக்கில் விடவேண்டும். அப்படி ஆறவிட்டால் செங்கல் குடித்த சூடெல்லாம் வீண், அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து கரி கொட்ட வேண்டும். ஜெயபாலன் ஆறவிடுவதே இல்லை. வாயை உடைத்து, ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்ட பெண்களை உள்ளே அனுப்பி, வெந்த மங்கைச் சூட்டோடு எடுக்கிறான். பச்சை மங்கை அதே சூட்டில் அடுக்குகிறான். உடனே வாயை அடைத்து வாயுவைத் திறந்துவிடுகிறான். பாதிக் கரி போதும். ரெட்டைச் சுவர், உமிச் சாம்பல் எல்லாம் துரைமார் காதில் சுற்றும் பூ. மீதிக் கரிக்குப் பதிலாக எரிவது பெண்களின் தோல்.

நான் அந்தச் செருப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தேன். எவ்வளவு துடைத்தும் போகாத மாதிரி இருந்தது.

களிமண் குழியருகே வெள்ளையம்மாவைப் பிடித்தோம். எங்களைத் தெரியாதவள் மாதிரி மண்ணை மிதித்துக்கொண்டே பேசினாள். பெண்கள் சூட்டோடு உள்ளே போவதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

"நீங்க தங்கச்சியப் பத்திக் கேட்டீங்க. இது வேலைதானே" என்றாள்.

அவள் முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. உண்மையிலேயே அது சொல்லவேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு அவள்மேல் வந்த கோபம் அப்படியே திரும்பி ஜெயபாலன்மேல் பாய்ந்தது. ஒரு மனிதனை அடித்து வேலை வாங்குவது ஒரு கேவலம். அடிவாங்குவதுதான் வேலை என்று நம்பவைப்பது அதைவிடப் பெரிய கேவலம்.

கருப்பாயி காணாமல் போன மத்தியானம் அவளும் ஐயாசாமியும் மட்டும்தான் சூளையடியில் இருந்தார்கள், மற்றப் பெண்கள் ஆற்றில் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்கள் என்று வெள்ளையம்மா சொன்னாள். திரும்பி வந்தபோது வாய் அடைத்தாகிவிட்டது. கருப்பாயி இல்லை.

அவளை விட்டு நகர்ந்ததும் நான் நின்றுவிட்டேன். சூளையைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. "பாய், அவளை உள்ள வெச்சே..." என்று ஆரம்பித்தேன். 

"நானும் அதை நெனச்சேன். இல்ல. ஒரு உடம்பைச் சாம்பலாக்க இன்னும் எவ்வளவு கரி போகும் தெரியுமா? கொட்டகையில கரி குறையவே இல்ல. இந்தக் கஞ்சன் கொலைக்குக்கூடக் கரி செலவு பண்ண மாட்டான்."

ஒரு பெண் உயிரோடிருக்கலாம் என்பதற்கு ஆதாரம் ஒருவனுடைய கஞ்சத்தனம். அப்படிப்பட்ட இடத்தில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

அதற்குள் ஜெயபாலன் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டான். வராந்தாவில் பீங்கான் தட்டில் சோறும் கோழிக்கறியும்.  தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். பங்களாவுக்குப் பின்னால் நல்ல வாழைத்தோப்பு. ஆனால் ஒரு மரத்தில்கூடக் குருத்தில்லை. தலையை மொட்டை அடித்த மாதிரி வரிசையாக நின்றன.

"முதலாளி, தோப்பு நெறைய வாழை இருக்கு, எங்களுக்குத் தட்டுலதான் சோறா? குருத்தெல்லாம் யாரு தின்னது?" என்று கேட்டேன்.

கேலியாகத்தான் கேட்டேன். ஜெயபாலன் கையில் எடுத்த கோழித் துண்டை அப்படியே திரும்ப வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, புதிதாகக் கப்பலில் வந்த கூலி ஒருவனுக்கு அம்மை போட்டிருப்பதாகச் சொன்னான். இலையில்தானே படுக்கவைக்க வேண்டும், தோப்புக்கு அந்தப் பக்கக் குடிசையில் வைத்திருக்கிறோம், ஏற்கெனவே அம்மை வந்து போனவன் என்பதால் ஐயாசாமி பார்த்துக்கொள்கிறான், நீங்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்றான்.

நியாயமான பதில். பாய்கூட அத்தோடு விட்டுவிட்டார். அம்மை என்றால் யார்தான் கிட்டப் போவார்கள்?

சாப்பாடு முடிந்து கை கழுவ நான் தோப்போரம் போனேன். தூரத்தில் குடிசை தெரிந்தது. வாசலில் வேப்பிலைத் தோரணம். ஐயாசாமி ஒரு கிண்ணத்தை இலையால் மூடி எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிக் குடிசைப் பக்கம் போனான். காற்று அவன் பக்கமிருந்து என் பக்கம் அடித்தது. காலையிலிருந்து கெட்ட நாற்றம் பிடித்துப் பிடித்து என் மூக்கு நன்றாகத் தீட்டப்பட்டிருந்தது போலும். தேங்காயெண்ணெய். அதோடு சுண்ணாம்பு.

கை கழுவின தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிப்போய்ப் பாயின் தோளைத் தொட்டேன். ஜெயபாலன் அப்போது வாசலுக்குப் போய் மோட்டார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாய், எங்க லயத்துல அம்மை போட்டா அந்த வீட்ல தாளிக்கவே மாட்டாங்க. தலைக்குத் தேய்க்க மாட்டாங்க. எண்ணெய் வாசமே ஆகாது, அம்மாவுக்குக் கோபம் வரும்பாங்க. இந்த ஆள் ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெய் கொண்டுபோறான். சுண்ணாம்புத் தெளிவு கலந்து."

பாய் எழுந்துவிட்டார். "அது எதுக்குப் போடுறது?"

"தீப்புண்ணுக்கு."

அவரை நான் முந்தியது அந்த ஒரு தடவைதான். வேறு நாளாக இருந்திருந்தால் ஒரு மாசத்துக்குச் சொல்லிக்காட்டியிருப்பேன்.

குடிசை வாசலில் ஐயாசாமி இரண்டு கையையும் விரித்து எங்களை மறித்தான். உள்ளே அம்மா விளையாடிக்கொண்டிருக்கிறாள், அந்நிய ஆட்கள் வரக்கூடாது என்றான். அவன் முகத்திலிருந்த தழும்பைப் பார்த்தேன். எண்ணெய் ஆகாது என்று இவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவனை இலையில் போட்டு எண்ணெய் வாசம் படாமல் காத்த ஒரு தாய் இருந்திருப்பாள்.

"கிண்ணத்துல என்னங்கண்ணே?" என்று கேட்டேன்.

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். அதைக் கீழே வைத்தான். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். பாய் வேப்பிலையை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். நானும் போனேன்.

பலகையில் வாழைக்குருத்து விரித்து, அதன்மேல் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கையும் விலாப்பக்கமும் முழுக்க எண்ணெய் பூசியிருந்தது. பழைய குருத்துகள் மூலையில் ஒட்டிச் சுருண்டு கிடந்தன. அவற்றில் ஈ மொய்த்தது. தலைமாட்டில் ஒரு சிமிழில் அபின் உருண்டைகள். வலிக்கும் அதுதான், சத்தம் வராமலிருக்கவும் அதுதான். நான் வெளியே வந்து வாந்தி எடுத்துவிட்டு மறுபடி உள்ளே போனேன்.

"கருப்பாயியா நீ?" என்று பாய் மெதுவாகக் கேட்டார். "உங்கக்கா அனுப்பிச்சு வந்திருக்கோம்."

அவள் கண்ணைத் திறந்தாள். சூட்டுக் காற்றை விழுங்கிய தொண்டையிலிருந்து காற்றுதான் அதிகம் வந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது. கடைசி அடுக்கை அடுக்கிக்கொண்டிருந்தபோது தலை சுற்றியதாம். அவ்வளவுதான் தெரியுமாம். அந்த வாயுவுக்கு நிறமில்லை, ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும் என்று பாய் பிறகு எனக்குச் சொன்னார். சுடுசெங்கல் தரையில் விழுந்திருக்கிறாள்.

"வாய் அடைக்கிறதுக்கு முன்னாடி எப்படி வாயு வந்துச்சு? குழாய் ஓட்டையா?"

அவள் தலையை அசைத்தாள். "ஓட்டை இல்ல. மொதலாளி வராந்தாவுலேருந்து கத்துனாரு, சூடு போகுது, கேஸைத் தொறந்து விடுன்னு. தொறந்தாரு."

"யாரு?"

அவள் வாசலைப் பார்த்தாள்.

நான் அதுவரை ஐயாசாமியை, பயந்துபோய் விஷயத்தை மறைத்த கோழை என்றுதான் நினைத்திருந்தேன். அவன் வாசற்படியில் உட்கார்ந்தபடியே, அவள் சட்டென்று வெளியே வந்துவிடுவாள் என்று நினைத்தேன், எப்போதும் அப்படித்தான் வருவாள் என்று அழுதான். எப்போதும் என்றானே, அந்த வார்த்தைதான் என்னை அறைந்தது. அவள் உள்ளே இருக்கும்போதே திறப்பது அவனுக்குப் பழக்கம். பிறகு மீதியும் வந்தது. அவளை வெளியே இழுத்து, இந்தக் குடிசைக்குக் கொண்டுவந்து போட்டதும் அவன்தான். துரைமார் ஆர்டர் கொடுத்ததும் அவனைச் சூளை ஆட்களை மேய்க்கும் மண்டோராக்குவதாக முதலாளி சொல்லியிருக்கிறான். அதுவரை அவள் வெளியே தெரியக்கூடாது. ஓடிவிட்டாள் என்று சொல்லச் சொன்னது முதலாளி. ஒத்துக்கொண்டு ஊரெல்லாம் சொன்னது புருஷன். தன் கையால் பெண்டாட்டியைச் சாய்த்து, தன் வாயால் அவள் பேரையும் சாய்த்து, தன் கையாலேயே எண்ணெய் பூசிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் பூசியது அன்பினால்தான் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது.

வாசல் பக்கம் மோட்டார் ஹாரன் கேட்டது. துரைமார்கள் வந்துவிட்டார்கள். அதே நேரம் ஜெயபாலன் தோப்புக்குள் ஓடி வந்தான். குடிசைக் கதவு திறந்திருப்பதைக் கண்டதும் அவன் முகம் சாம்பலாகிவிட்டது. ஆனால் நாக்கு நிற்கவில்லை. இப்போது கூச்சல் போடவேண்டாம், பின்னால் ஆற்றில் சம்பான் படகு இருக்கிறது, அவளை அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், நல்ல வைத்தியம் பார்க்கலாம், துரைமார் போகட்டும், நாலு நாழிகை பொறுங்கள், இங்கே வேலை செய்யும் அத்தனை பேர் பிழைப்பும் இதில்தான் இருக்கிறது என்றான். அத்தர் வாசனையும் வியர்வையும் சேர்ந்து அடித்தன.

"உள்ள இருக்கிற பொண்ணுகிட்டக் கேப்போம்" என்றார் பாய்.

கேட்டார். ஆற்றுவழியாகப் போனால் குலுங்காது, மோட்டாரில் போனால் முற்றத்தைத் தாண்டித்தான் போகவேண்டும், அத்தனை பேரும் பார்ப்பார்கள் என்று இரண்டையும் எடுத்துச் சொன்னார்.  

"முன்பக்கமா தூக்கிட்டுப் போங்க" என்றாள் கருப்பாயி. "மூடாதீங்க."

நான் ஓடிப்போய் வெள்ளையம்மாவைக் கூட்டி வந்தேன். அவள் கூடவே காளியம்மா என்ற சூளைக்காரியும் இன்னும் சில பெண்களும் வந்தார்கள். வெள்ளையம்மா தங்கையைப் பார்த்தாள்.  முந்தானையால் முகத்திலிருந்த ஈயை விரட்டினாள், பிறகு பலகையின் ஒரு மூலையைப் பிடித்தாள். நானும் காளியம்மாவும் இரண்டு மூலைகளைப் பிடித்தோம். நான்காவது மூலைக்கு ஐயாசாமி எழுந்து வந்து குனிந்தான்.

"நீ தொடாதே" என்றாள் கருப்பாயி.

பதினைந்து வருஷமோ இருபது வருஷமோ நீங்க, வாங்க என்று கூப்பிட்ட வாய். அவன் கை அந்தரத்தில் நின்றது. பாய் தன் தொப்பியை என் தலையில் வைத்துவிட்டு அந்த மூலையைப் பிடித்துக்கொண்டார்.

தோப்பைத் தாண்டி, பங்களாவைத் தாண்டி, முற்றத்துக்கு வந்தோம். களிமண் குழியில் இருந்தவர்களும் மங்கு அடுக்கிக்கொண்டிருந்தவர்களும் அப்படியே நின்றார்கள். லோரிக்காரன் கதையை உப்பும் காரமும் சேர்த்துப் பேசியவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். தூறல் அவள் முகத்தில் விழுந்தது. அவள் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு கிழவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளைத் தொப்பி போட்ட துரை ஒருவர் மோட்டாரிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தவர், பலகையைக் கண்டதும் அந்தக் காலை எடுக்கவும் இல்லை, அடுத்ததை வைக்கவும் இல்லை.

எங்கள் மோட்டாரில் அவளை ஏற்றினோம். பாய் போலீசுக்குச் சொல்லவேண்டியதை ஆஸ்பத்திரியிலிருந்தே சொல்லிக்கொள்ளலாம் என்றார். வெள்ளையம்மா தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினேன்.

பின்னால் ஜெயபாலன் குரல் கேட்டது. சூளையின் வாயை அன்றைக்குக் காலையில்தான் அடைத்திருந்தார்களாம், தீ பார்க்க ஆளில்லையாம். துரைமார் நிற்பதுகூட அவனுக்கு மறந்துவிட்டது. "எல்லாரும் எங்க போறீங்க? சூளை ஆறிடும். யாராவது போங்க, சூளை ஆறிடும்."

கண்ணாடியில் பார்த்தேன். காளியம்மாவும் மற்றப் பெண்களும் எங்கள் மோட்டாருக்குப் பின்னால், கேட்டைத் தாண்டி, ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.